அவள் உயரத்துக்கு

சமூகக் கூடத்தில் இருந்து அவள் திரும்பி வந்தபோது நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரிய குழாய் உடைந்து எங்கள் கட்டடம் முழுக்க வறண்டு கிடந்த பிறகு, நகராட்சி அன்றைக்குத்தான் தண்ணீர் விட்டிருந்தது. வாளிகள் நிறைந்து, பாத்திரங்கள் நிறைந்து, மேசைமேல் வைக்கிற கண்ணாடிப் பூச்சாடியில்கூட ஊற்றி வைத்திருந்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்த இடத்திலேயே நின்று சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் மூச்சு வாங்கியது.

"என்னங்க, இன்னிக்கு நான் தனி ஆள் இல்ல, தெரியுமா? இந்தக் குடியிருப்புல பாதிப் பேரு நான்தான்."

எங்கள் பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிய குடியிருப்பு கட்ட நகராட்சி முடிவு செய்திருந்தது. வீடுகளோடு ஒரு பூங்கா, ஒரு வாசகசாலை, ஒரு மருத்துவ நிலையம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் வரும் என்றார்கள். இந்த முறை எங்கோ அச்சடித்த அளவுகளை வைத்துக் கட்டாமல், குடியிருக்கப் போகிறவர்களின் உடம்பையே அளந்து கட்டுவது என்று யாரோ நல்ல மனதோடு யோசித்திருக்கிறார்கள். அளப்பதற்குக் கூடத்துக்கு வரும்படி எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார்கள். அதே நாளில் அதே நகராட்சியின் வேறொரு கை குழாயைத் திறந்துவிட்டது. தண்ணீரை விட்டுவிட்டு யார் போய் அளவெடுக்கிற டேப்புக்கு முன்னால் நிற்பார்கள்? என் மனைவிக்கு அன்று அவள் வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்தில் விடுமுறை. கூடத்தில் மின்விசிறி ஓடும், தண்ணீர் பிடிக்க நான் இருக்கிறேன் என்று போனவள், அங்கே இருந்த ஒரே ஆள்.

"பாவம்ங்க, சின்னப் பொண்ணு. இன்ஜினியராம். நாலஞ்சு விதமா ஆளுங்க வேணும்னு மேல இருந்து சொல்லியிருக்காங்க. அவ அழுதுடுவா போல இருந்துச்சு. நான்தான் சொன்னேன், என்னையே எல்லாரா வச்சுக்கோம்மான்னு."

கிழவியாகக் குடையை ஊன்றி நின்றிருக்கிறாள். இரண்டு கையிலும் வாளி தூக்கிக்கொண்டு படியேறிக் காட்டியிருக்கிறாள். வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு கர்ப்பிணியாகவும் நடந்திருக்கிறாள்.

"இந்த வயசுலயா?" என்றேன்.

"டேப்புக்கு என்ன வயசு தெரியும்? அது பாட்டுக்கு அளந்துச்சு." மறுபடியும் சிரித்தாள். "கடைசியா, களைச்சுப்போன ஆள் ஒருத்தர் வேணும்னா. அதுக்கு மட்டும் நான் நடிக்கவே இல்ல."

எப்படி நின்றாள் என்று காட்டினாள். முழங்கால் லேசாக மடங்கி, உடம்பின் பாரமெல்லாம் ஒரு கையில் இறங்கி, மற்றக் கை கழுத்துக்குக் கீழே இடது பக்கமாக, சங்கிலியைத் தேடுகிறவள் மாதிரி பதிந்திருந்தது. அவள் குள்ளம். சின்ன வயதில் சைக்கிளில் இருந்து விழுந்ததில் இடது தோள் எப்போதும் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த நிலையில் இன்னும் சிறுத்துத் தெரிந்தாள். நான் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினேன். குடித்துவிட்டு, "பூச்சாடித் தண்ணியா இது?" என்று கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம் காப்பகத்தில் இருந்து வரும்போது, மாடிப்படி திரும்பும் இடத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால், தாண்டிப் போனவர்கள் அவள் பைக்குள் எதையோ தேடுகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு டிரைவரம்மாதான் தோளைத் தொட்டுப் பார்த்தது. இதயம் என்றார்கள் மருத்துவமனையில்.

டிரைவரம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நல்ல உயரம். என் மனைவி அவரை நேருக்கு நேராகவே ஒட்டடைக்கொம்பு என்று கூப்பிடுவாள். "மேல மழை பெய்யுதா?" என்று படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். "கீழ தண்ணி தேங்கியிருக்கா, குட்டையம்மா?" என்று அவரும் விடமாட்டார். இறுதிச் சடங்கு முடிந்து எல்லோரும் போன பிறகு, அவர் என் வீட்டுச் சமையலறையில் நின்று பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார்.

அதன் பிறகு எங்களைத் தற்காலிகமாக வேறொரு இடத்துக்கு மாற்றினார்கள், கட்டடங்களை இடித்தார்கள், கட்டினார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எனக்கு அதிகம் நினைவில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. காலையில் போய்க் குடுவைகளைக் கழுவி அடுக்குவேன், சாயங்காலம் திரும்புவேன். புதிய குடியிருப்புத் திறப்பு விழாவில் நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நுழைவாயிலில் 'உங்களுக்காக, உங்கள் அளவில்' என்று பெரிதாக எழுதியிருந்தது. நகராட்சித் தலைவர் பேசினார். பக்கத்தில் டிரைவரம்மா இருந்தார். அந்த நாற்காலியில் அவர் உடம்பு அடங்கவில்லை. நெளிந்து நெளிந்து, கடைசியில் இடது காலை மடித்து வலது தொடைக்கடியில் சொருகிக்கொண்டதும் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்துவிட்டு நான் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அன்று இருட்டுகிற நேரத்தில் புது வீட்டுக்குள் போய் ஸ்விட்சைத் தேடினேன். கை போன இடத்தில் வெறும் சுவர். கீழே, இன்னும் கீழே தடவியபோது விரலில் பட்டது. விளக்கு எரிந்தது. சமையல் மேடை என் தொடை உயரத்தில் இருந்தது. தொட்டியில் முகம் கழுவக் குனிந்தபோது முதுகு தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. நேராகக் குனிய முடியாதபடி குழாயைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள். மேல் தட்டு என் கண்ணுக்குக் கீழே. அவள் எட்டாத எதுவும் அந்த வீட்டில் இல்லை. பழைய வீட்டில் அவளுக்கென்று ஒரு முக்காலி உண்டு, அதன் மேல் ஏறித்தான் டப்பாக்களை எடுப்பாள். இங்கே நான்தான் பொருந்தாத ஆள். அவள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவன் மாதிரி நடு அறையில் நின்றேன்.

எனக்குப் பயமாக இல்லை. உண்மையைச் சொன்னால், அவள் போன பிறகு முதல்முறையாக அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

பூங்கா என் ஜன்னலுக்கு நேர் கீழே. சாயங்காலம் ஆனால் பெஞ்சுகள் நிறைந்துவிடும். முதலில் ஒருவரோ இருவரோதான் அப்படி உட்கார்ந்தார்கள். போகப் போக எல்லோரும், என் மனைவி எப்போதும் உட்கார்கிற மாதிரியே, இடது காலை மடித்துச் சொருகி, ஒரு தோளை இறக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து உட்காரத் தொடங்கினார்கள். பெஞ்சின் உயரமும் கைப்பிடியின் வளைவும் வேறு விதமாக உட்கார விடவில்லை. தடித்த மீசைக்காரர், பள்ளிக்கூடப் பெண்கள், மருத்துவ நிலையத்துக் காவலாளி, வரிசையாக எல்லோரும். பின்பக்கம் இருந்து பார்க்கிற எனக்கு அது ஒரே ஆள் பல சட்டைகளில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வெளிச்சம் மங்கும்வரை ஜன்னலை விட்டு நகரமாட்டேன். சமையலறை ஜன்னல்களில் விளக்கு எரிந்ததும், எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தி இடது பக்கமாகச் சாய்ந்து தொட்டிக்கு முன்னால் நிற்பாள். எந்த வீட்டில் எந்தக் குடும்பம் என்றெல்லாம் நான் பார்ப்பதில்லை. பார்த்துக்கொண்டே என் சாப்பாட்டைச் சாப்பிடுவேன்.

ஒரு நாள் என் மனைவியின் தங்கை வந்தாள். நான் கீழே போய் அழைத்து வந்தேன். படியேறும்போது எனக்கு முன்னால் போனவள், திருப்பத்தில் சட்டென்று நின்று, "அக்கா" என்றாள்.

மேலே டிரைவரம்மா சீருடையில் நின்றுகொண்டிருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டி. கையில் காய்கறிப் பை. கூப்பிட்டது தன்னைத்தான் என்பதுபோல் அவர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் முகம் அவருடைய முகமாக ஆனது.

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் தங்கை வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "அத்தான், அந்தம்மா அவ்வளவு உயரம். எனக்கு எப்படி அக்காவா தெரிஞ்சுது?"

"படிக் கைப்பிடிக் கம்பி தாழ்வா இருக்கும்மா. பிடிச்சா அப்படித்தான் நிக்க வரும்."

"நீங்க தினம் இதைப் பாத்துட்டா இருக்கீங்க?"

நான் தேநீர் போட எழுந்தேன். அவள் அன்று இரவு தங்குவதாக இருந்தது. பஸ் இருக்கும்போதே கிளம்பிவிட்டாள்.

தங்கை பார்த்ததில், அதுவரை நான் யோசிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. கம்பி தாழ்வாக இருந்தால் சாயலாம், குனியலாம். டிரைவரம்மா ஏன் அங்கே நின்றார்? அடுத்த நாளில் இருந்து கவனிக்கத் தொடங்கினேன். அவர் தினமும் அங்கே நின்றார். பாரத்தைக் கம்பியில் இறக்கி, முழங்காலை மடக்கி, மற்றக் கையைக் கழுத்துக்குக் கீழே இடது பக்கம் வைத்துக்கொண்டு. தபால்காரனும் நின்றான், நல்ல வாலிபன். கீழ்த்தளத்துத் தம்பதி சண்டை போட்டுக்கொண்டே ஏறி வந்து, அந்த இடத்தில் இருவரும் பேச்சை நிறுத்திக் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய், பிறகு விட்ட இடத்தில் இருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

"வலிக்குதாம்மா?" என்று டிரைவரம்மாவிடம் கேட்டேன்.

"வலியெல்லாம் இல்ல, சார். இங்க வந்தா கொஞ்சம் நிக்கணும்னு இருக்கு. டாக்டர் பாத்துட்டார், குதிரை மாதிரி இருக்கீங்கங்கறார்." சிரித்தார். "ஒட்டகம்னு சொல்லாம விட்டாரே."

கையை மட்டும் எடுக்கவில்லை.

சில நாள் கழித்து, நான் பள்ளியில் இருந்து திரும்பும்போது அவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்து. தக்காளி ஒன்று பையில் இருந்து உருண்டு இரண்டு படி இறங்கிக் கிடந்தது. நான் கீழேயே நின்றுவிட்டேன். அவரைக் கூப்பிட வாயைத் திறந்தால் எந்தப் பெயர் வரும் என்று எனக்கே தெரியவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், எனக்குள் ஒரு பகுதி சந்தோஷப்பட்டது. அவள் உட்கார்ந்த நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை; இப்போது இருக்கிறேன் என்று. அந்த எண்ணம்தான் என்னை உலுக்கியது. இரண்டு படி தாவி ஏறி அவர் தோளைப் பிடித்தேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். முகம் வேர்த்திருந்தது.

"நீங்களா," என்றார். "ஏங்க இவ்வளவு நேரம்?"

டிரைவரம்மா என்னை ஒருநாளும் சார் என்று தவிர வேறு எப்படியும் அழைத்ததில்லை. மறுகணம் தக்காளியைத் தேடி எடுத்துக்கொண்டு, வெயிலில் வண்டி ஓட்டிய களைப்பு என்று சொல்லி எழுந்து போனார். பேசியது அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

நான் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். நான் யாருடைய கணவன் என்று சொன்னதும் அந்த இன்ஜினியர்ப் பெண் எழுந்துவிட்டாள். அறையில் மற்றவர்கள் இருந்ததால் வராந்தாவுக்கு அழைத்து வந்தாள்.

"படி திரும்பற இடத்துல களைச்சவங்க நிக்கறதுக்குன்னு கம்பியை இறக்கினோம், சார். அன்னிக்கு அம்மா நின்ன மாதிரியே வச்சோம். அவங்க இல்லன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். அதுக்குள்ள வரைபடம் போயிடுச்சு."

"நீ நல்லதுக்குத்தான் செஞ்சே."

"எல்லாத்துலயும் அவங்கதான் சார் இருக்காங்க. வேற யாரும் வரலையே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வேலை நடக்கும்போது தினமும் அங்கதான் இருந்தேன். எங்க வீட்டுல சொல்றாங்க, நீ யாரு மாதிரியோ நடக்கறேன்னு. யாருன்னு அவங்களுக்குத் தெரியல."

இரண்டாம் கட்டப் பணிக்கு நிதி இருக்கிறது என்றாள். விளையாட்டுத் திடலுக்குக் கூரை போடுவதா, முதுகு வலிக்கிறது என்று புகார் வந்திருப்பதால் உயரங்களைச் சரிசெய்வதா என்று குடியிருப்பவர்கள்தான் கூடி முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் வராது. கூரைக்குத்தான் ஆதரவு அதிகம்.

"நீங்க பேசினீங்கன்னா கேப்பாங்க," என்றாள்.

பேசினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஜன்னலுக்குக் கீழே பெஞ்சுகளில் யார் யாரோ அவரவர் போல உட்கார்ந்திருப்பார்கள். எதிர்க் கட்டடத்தில் வெறும் பக்கத்துவீட்டுக்காரர்கள் பாத்திரம் தேய்ப்பார்கள். பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கூட்டத்துக்குப் போகிற வழியில், திருப்பத்தில் என் கையும் கழுத்துக்குக் கீழே போய் நின்றது. வலி ஒன்றும் இல்லை. இதமாகத்தான் இருந்தது.

கூடத்தில் கூரையைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். "முதுகு வலி யாருக்கு இல்ல? எனக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து இருக்கு," என்று மீசைக்காரர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. எழுதி எடுத்துப் போனதைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டேன்.

"இது என் மனைவியோட அளவு," என்றேன். "அன்னிக்கு அவ மட்டும்தான் வந்தா. நீங்க பிடிக்கிற கம்பி, உக்கார்ற பெஞ்சு எல்லாம் அவ உடம்பு. அவளுக்கு நெஞ்சுல நோவு இருந்திருக்கு. அது அவளுக்கே தெரியாது. டேப்பு அதையும் சேத்து அளந்துடுச்சு."

முன்வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் தன் காலைப் பார்த்தாள். வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்தன. அந்தக் கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் இடது காலை மடித்துச் சொருகியிருந்தார்கள். சொருகிய காலை யாரும் வெளியே எடுக்கவில்லை. எடுக்க முயன்று முடியாமல் போய்விடுமோ என்று பயந்தவர்கள் மாதிரி அசையாமல் இருந்தார்கள். மீசைக்காரர்தான், "சரி, மாத்திடுவோம்," என்று மெல்லச் சொன்னார். கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் எழுந்தன, இடது தோள்கள் இறங்கியபடி. டிரைவரம்மா கடைசி வரிசையில் இருந்தார். நெஞ்சில் இருந்த கையைத்தான் அவர் தூக்கினார்.

வேலை தொடங்கியபோது இன்ஜினியர்ப் பெண் வந்து, "உங்க வீட்டை மட்டும் விட்டுடவா, சார்? யாருக்கும் தெரியாது," என்றாள். வேண்டாம், எல்லோருக்கும் எப்படியோ அப்படியே என்றேன். கொத்தனார் என் ஸ்விட்சுகளை மேலே ஏற்றிப் பழைய இடங்களைச் சிமெண்டு வைத்துப் பூசினார். அவர் போன பிறகு பழக்கத்தில் கை கீழே போனது. சிமெண்டு ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. கையை எடுக்காமல் காயும்வரை நிற்கலாமா என்று தோன்றியது. எடுத்துவிட்டேன்.

இப்போது டிரைவரம்மா நிமிர்ந்து நடக்கிறார். திருப்பத்தில் நிற்பதில்லை. கீழ்த்தளத்துத் தம்பதியின் சண்டை தடங்கல் இல்லாமல் மேலே வருகிறது. பூங்காவில் ஆளுக்கொரு விதமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சாயங்காலங்களில் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

கதவுகளை மட்டும் மாற்ற முடியவில்லை. வெளியில் நிற்பது யார் என்று பார்ப்பதற்காகக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை இருக்கிறது. தீப்பிடிக்காத இரும்புக் கதவுகள், துளையோடு தொழிற்சாலையில் இருந்தே வந்தவை, இன்னொரு துளை போட்டால் சான்றிதழ் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகையால் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, எல்லா மாடியிலும், எல்லா வீட்டிலும், என் நெஞ்சுக்கு நேராக, அவள் கண் இருந்த உயரத்தில்.

நேற்று டிரைவரம்மாவுக்கு வந்த பார்சலைத் தபால்காரன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். சாயங்காலம் அவர் வீட்டு மணியை அடித்தேன். உள்ளே காலடிகள் வந்தன, நீளமான, நிமிர்ந்த நடை. கதவுக்குப் பக்கத்தில் நின்றன. பிறகு துணி கதவில் உரசிக்கொண்டு கீழே இறங்குகிற சத்தம். துளையில் தெரிந்த வெளிச்சம் மறைந்தது. கதவு உடனே திறக்கவில்லை. நான் இரண்டடி பின்னால் போய், முழுதாகத் தெரியும்படி நின்றுகொண்டேன்.